அண்ணாந்து பாக்காதேடா, பேராண்டி

நீ நீட்டுற தாள்ல 'ஒரே நகரத்தில் இரு வானளாவிகள்: கட்டடக்கலை ஒப்பீடு'ன்னு போட்டிருக்கு. நல்லா இருக்கு. உங்க வாத்தியாருக்கு மாடி எண்ணுற வேலை, உனக்கு மார்க்கு எண்ணுற வேலை. நடுவுல இந்தக் கெழவனை எதுக்குடா இழுத்தேன்னு கேக்க மாட்டேன். உயரமா நிக்கிறதைப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும். கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, பொழப்பை ஓட்டினவன் நான். இந்த மரம் எத்தனை அடி உயரம்னு எந்தக் கணக்குக் கிராணியும் எங்கிட்ட கேட்டதில்ல. மரத்துல கட்டின மங்குல எவ்வளவு பால் விழுந்துச்சுன்னுதான் கேட்டாரு. அந்தக் கிராணி புத்தியை நீயும் வெச்சுக்கிட்டா போதும். மிச்சத்தை நான் சொல்லித் தர்றேன். தே தாரிக் வாங்கித் தந்தா கூடக் கொஞ்சம் சொல்லித் தர்றேன்.

மொத புத்திமதி, அண்ணாந்து பாக்காதே. இந்தப் பினாங்குச் சூலியா தெருவுல அண்ணாந்து பாத்துக்கிட்டு நடக்கிறவன் முழுசா வீடு போய்ச் சேர மாட்டான். வாடகை மோட்டார்ல வர்ற வெள்ளைக்காரப் பசங்க எந்தப் பக்கம் திரும்புவானுங்கன்னு அவனுங்களுக்கே தெரியாது. சரி, கடைவீட்டு முன்னால இருக்குற அஞ்சடி நடைபாதையில ஏறி நடக்கலாம்னு பாத்தா அங்க ஒரு தவுக்கே, கடை மொதலாளி, மேசை போட்டிருப்பாரு, அடுத்தவரு பலகை நட்டிருப்பாரு, அதுக்கடுத்தவரு மோட்டாரையே கழட்டிப் போட்டிருப்பாரு. ரோட்டுக்கும் அஞ்சடிக்கும் மாறி மாறி ஏறி எறங்கி நடக்கிறதுதான் இந்தத் தெரு சொல்லித் தர்ற ஒடற்பயிற்சி.

இப்படியே நடந்து தெரு பினாங்கு ரோட்டுல போய் முட்டுற முனையில நில்லு. இடது கைப்பக்கம் உன் மொதக் கட்டடம், கொம்தார், நிக்கும். நீ பாக்கலேன்னாலும் அது உன்னைப் பாக்கும். ஆனா உன் ரெண்டாவது கட்டடம், மெனாரா அம்னோ, அங்கேருந்து கண்ணுல படாது. கொம்தாரைத் தாண்டி மெக்காலிஸ்டர் ரோட்டுல கொஞ்சம் நடக்கணும். கிட்டப் போய் நின்னாத்தான், 'ஓ, நீதானா'ன்னு தோணும். உன் ஒப்பீட்டுக்கு மொத வரி இதுலயே கெடைச்சுப் போச்சு பாரு. ஒண்ணு ஊருக்குக் காட்டுறதுக்குக் கட்டினது. இன்னொண்ணு உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு வேர்க்கக் கூடாதுன்னு கட்டினது. இதை அப்படியே எழுதாதே, வாத்தியாருக்குப் புரிஞ்சு போயிடும். 'நகர்ப்புற அடையாளமும் பயனர் மையச் சூழலும்'னு எழுது. மார்க்கு விழும்.

கொம்தார் கதைக்கு வர்றேன். 1969ல பினாங்குக்கு இருந்த வரியில்லாத் துறைமுகச் சலுகையைப் புடுங்கிட்டாங்க. துறைமுகத்தை நம்பி யாவாரம் பண்ணின ஊருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதே வருசந்தான் லிம் சோங் இயூ முதலமைச்சரா வந்தாரு. டாக்டரு. பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகளைக் கொண்டாந்தாரு. ஊரு நடுவுல, நோய் புடிச்சுக் கெடக்குன்னு அவரு நெனச்ச இடத்துல, இந்தக் கோபுரத்துக்கு எடம் புடிச்சாரு. கடைவீடுங்க வரிசை வரிசையா இடிபட்டுச்சு. 1974 சனவரி 1ஆம் தேதி பிரதமர் துன் அப்துல் ரசாக் வந்து அடிக்கல் நாட்டினாரு. ரெண்டு வருசத்துல அவரு காலமாயிட்டாரு, கொம்தார்ங்கிற சுருக்கத்துல கட்டடம் அவரு பேரைச் சுமந்துக்கிச்சு. வரைஞ்சவரு லிம் சோங் கியாட், முதலமைச்சரோட கூடப் பொறந்த தம்பி. நெத்தியைச் சுருக்காதே. சிங்கப்பூர்ல மாநாட்டு மண்டபமும் ஜூரோங் நகர மண்டபமும் அவரு கை பட்டதுதான். தெறமைசாலி. அண்ணன் தம்பிங்கிறதை எழுதலாமான்னா, தாராளமா எழுது. பினாங்குல எல்லாருக்கும் தெரிஞ்சது உன் கட்டுரைக்கு மட்டும் ஏன் தெரியாம இருக்கணும்?

கட்ட ஆரம்பிச்சா முடியணும் இல்ல? 1983ல கட்டிக்கிட்டிருக்கும்போதே மேல் மாடியில தீப் புடிச்சுது. எண்பதுகளோட நடுவுலதான் ஒரு வழியா முடிஞ்சுது. 65 மாடி, 232 மீட்டர். அப்ப மலேசியாவுலயே இதுதான் உயரம். தீவையும் கரையையும் சேக்குற பாலமும் 1985ல தொறந்தாங்க. ஆனா தோட்டத்து சனம் பட்டர்வொர்த்துல பெரி ஏறித்தான் வந்துச்சு, கொம்தாரைப் பாக்க அதுதான் வாகான எடம். பெரியில நின்னு பாத்தா தீவு மொத்தமும் அந்த ஒத்தைக் கட்டடத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். 'அது மேல ஏறினா கெடா தெரியுமாம்'னு ஒருத்தர் சொல்வாரு. 'கெடாவுல என்னய்யா இருக்கு, இங்கேருந்து பாக்க'ன்னு இன்னொருத்தர் கேப்பாரு. அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் பதில் சொல்லல.

இப்ப கட்டடத்தைச் சுத்தி வா. கீழ இருந்தே, தலையைத் தூக்காம. அதுக்கு 12 பக்கம். ஆறுமுகனுக்கே ஆறு முகம்தான். இவரு அதுக்கும் ரெட்டிப்பு. முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு சொல்ல முடியாது. அரசாங்க ஆபீசு குடியேறுன கட்டடத்துக்கு இது ரொம்பப் பொருத்தம்னு சொல்றவனும் உண்டு. 28ஆம் மாடியில முதலமைச்சர் ஆபீசு. மனு குடுக்க வந்தவன் எந்தப் பக்கம் நொழைஞ்சாலும் அது தப்பான வாசலாத்தான் இருக்கும், ஆனா காவக்காரர் ரொம்ப மரியாதையா சரியான வாசலுக்கு அனுப்பி வெப்பாரு.

சிரிச்சாலும் அந்த 12 பக்கத்துல விசயம் இருக்கு, அதை எழுத மறக்காதே. வட்டத்துக்குக் கிட்ட வர்ற உருவம் காத்தை மார்ல வாங்காது. மோதுற காத்து ரெண்டு பக்கமும் வழுக்கிப் போயிடும். அவ்வளவு உயரத்துக்கு அது பெரிய தந்திரம். ஆனா வெயிலு வழுக்குமா? கெழக்க பாக்குற மொகமும் மேற்க பாக்குற மொகமும் அச்சு அசல் ஒண்ணு. காலையில எட்டு மணி வெயிலும் சாயங்காலம் நாலு மணி வெயிலும் ஒண்ணுதான்னு நெனச்சு வரைஞ்ச படம். லயத்து வீட்டுல எந்தக் கெழவியும் மேற்குப் பக்கத்துச் சன்னலைப் பகல்ல தொறந்து வெக்க மாட்டா. அந்தக் கெழவியைக் கேட்டிருந்தா ஏர்கோன் பில்லு பாதி கொறைஞ்சிருக்கும்னு நான் சொல்லல, அவ சொல்லியிருப்பா.

ஆனா ஒண்ணு. கொம்தார் தலையை வெச்சு வாழ்ந்த கட்டடம் இல்ல. வயித்தை வெச்சு வாழ்ந்த கட்டடம். கோபுரத்துக்குக் கீழ பரந்து கெடக்குற மாடிகள் இருக்கே, சனம் புழங்கினது அங்கதான். தீவாளி வந்தா தோட்டத்துல இருந்து குடும்பம் குடும்பமா எறங்குவோம். யாவோகான்னு ஒரு சப்பான்காரன் கடை. துணியைத் தொட்டுப் பாத்துட்டு வெலையைப் பாத்துட்டு, கையை எடுத்துட்டு வெளிய வந்து, சூலியா தெருவுக்கோ லிட்டில் இந்தியாவுக்கோ போய் வாங்குவோம். தொட்டுப் பாக்கக் காசு கேக்கலையே, அது போதாதா? நகரும் படிக்கட்டுல சீலை மாட்டிக்கும்னு எங்க அத்தை படிக்கட்டு வாசல்லயே நின்னுக்கிட்டா. கொம்தார்னா அவளுக்குக் கடைசி வரைக்கும் அந்த ஒரு வாசல்தான். கீழ பஸ்ஸு. இன்னிக்கும் ஊர்ல எந்த மூலைக்குப் போறதா இருந்தாலும் கொம்தார்ல எறங்கித்தான் ஏறணும். பெரிய பெரிய மால் எல்லாம் வேற பக்கம் வந்து கடைகளைக் காலி பண்ணிடுச்சு, ஆனா பஸ்ஸைக் காலி பண்ண முடியல. நாலு மணிக்கு அந்த பஸ் நிக்கிற எடத்துல நில்லு. பங்களாதேசுக்காரன், நேப்பாளி, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, ஆஸ்பத்திரிக்குப் போற கெழவிங்க. கிராணி மங்குல பாலைப் பாக்குற மாதிரி பாத்து எண்ணு.

அந்த வயித்து மேல ஒரு குமிழி மாதிரி கூடம் இருக்கும், முக்கோணம் முக்கோணமாக் கோத்த கூரை. பக்மின்ஸ்டர் புல்லர்னு ஒரு அமெரிக்கக்காரரு அந்த வித்தையில பேரெடுத்தவரு, லிம் சோங் கியாட்டுக்கு நல்ல பழக்கம். உன் வாத்தியாருக்கு இது ரொம்பப் புடிக்கும், ஒரு பக்கம் எழுது. எனக்குப் புடிச்சது வேற. அவ்வளவு சிமெண்டையும் அடுக்கி முடிச்சவரு பிற்காலத்துல பனை வகைகளைத் தேடிக் காடு காடா அலைஞ்சாரு, பெரிய நிபுணராவே ஆயிட்டாரு. பனையும் உயரமாத்தான் நிக்கும். ஆனா அடிமாடியில கடை வெக்காது, பாவம்.

சரி, மெக்காலிஸ்டர் ரோட்டுக்கு நட. நடுவுல வேர்த்தா நல்லது, அப்பத்தான் அடுத்த கட்டடம் புரியும்.

மெனாரா அம்னோ 1998ல முடிஞ்சுது. 21 மாடிதான், கொம்தார்ல மூணுல ஒரு பங்குகூட இல்ல. வரைஞ்சவரு கென் யாங், இதே பினாங்குல பொறந்தவரு, 1948ல. கேம்பிரிட்ஜ்ல போய் சூழலியலும் கட்டடமும்னு ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தாரு. சுபாங் ஜெயாவுல இவரு கட்டின மெனாரா மெசினியாகாவுக்கு 1995ல ஆகாகான் விருது குடுத்தாங்க. கொம்தார் காத்தைத் தட்டிக் கழிச்சுதுன்னு சொன்னேன் இல்ல? இவரு நேர் எதிரு. கட்டடத்துக்கு வெளிய, ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி சுவரை நீட்டினாரு. போற காத்தைப் புடிச்சு, மூலையில இருக்குற மாடத்துக்குள்ள தள்ளும். அங்க ஆளுயரக் கதவுங்க. வேணுங்கிற அளவு தொறந்துக்கலாம், மூடிக்கலாம். உள்ள எந்த மேசையும் தொறக்குற சன்னல்ல இருந்து 6.5 மீட்டருக்கு அந்தாண்ட போகக் கூடாதுன்னு கணக்கு. காத்தை நம்பி இவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பினவன் அப்ப உலகத்துலயே கொறைச்சல்.

இன்னொண்ணு பண்ணினாரு. லிப்டு, படிக்கட்டு, கழிவறை எல்லாத்தையும் நடுவுல திணிக்காம ஓரத்துக்குத் தள்ளிட்டாரு. வெயிலை அது வாங்கிக்கும், ஆபீசுக்கு நெழல் மிச்சம். கொம்தார்ல லிப்டுக்கு நிக்கிறப்ப பகலா ராவான்னு மணிக்கட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். இங்க லிப்டுக்கு நிக்கிற எடத்துல வெளிச்சம் வரும், காத்து வரும். கழிவறைக்குக்கூட சன்னல். வானளாவியில கழிவறைக்கு சன்னல் வெச்சதைப் பெரிய புதுமைன்னு புத்தகத்துல எல்லாம் எழுதியிருக்காங்க. தோட்டத்துல எங்க கழிவறைக்குச் சன்னலே கெடையாதுடா. நாலு பக்கமும் காடுதான், காத்துக்கு என்ன பஞ்சம்? எங்களைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல.

இதுல ஒரு வேடிக்கை. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துப் பாத்துக் கட்டின கட்டடம், யாருக்கு? அம்னோங்கிற அரசியல் கட்சிக்கு. கீழ வங்கிக் கூடம், அதுக்கு மேல கூட்டம் போட மண்டபம், அதுக்கும் மேல 14 மாடி ஆபீசு. தென்மேற்குக் காத்தும் வடகிழக்குக் காத்தும் பாத்தாங்க. 2008 மார்ச்சுல அடிச்ச காத்தை மட்டும் யாரும் பாக்கல. மாநில ஆட்சியே கைமாறிப் போச்சு. கென் யாங் மேல குத்தம் சொல்லாதே. சிறகுச் சுவரு தேர்தல் காத்துக்கு வரைஞ்சது இல்ல.

அப்புறம், காத்துக் கட்டடத்துக்குள்ள ஏர்கோன் இருக்கான்னு கேட்டா, இருக்கு. மொதல்ல வாடகைக்கு வர்றவங்க வேணும்னா போட்டுக்கட்டும்னு இருந்தது, கடைசியில கட்டடம் முழுக்க சேத்துப் போட்டுட்டாங்க. கரண்டு போனா கதவைத் தொறந்துக்கலாம், மூச்சு முட்டாது. கொம்தார்ல அந்தக் கொடுப்பினை இல்ல. ஆனா கரண்டு இருக்குற நாள்ல எவன் கதவைத் தொறப்பான்? கோட்டுப் போட்டுட்டு வந்து பதினெட்டு டிகிரியில உக்காந்து, மேல ஒரு சுவெட்டரையும் மாட்டிக்கிறதுதானே இந்த நாட்டுல உத்தியோகம். கட்டின மனுசன் காத்துக்கு வழி பண்ணிட்டாரு. குடியிருக்கிறவன் மனசுக்கு சன்னல் வெக்கிறது அவரு வேலை இல்லையே.

அந்தக் கட்டடத்துல இன்னொரு நாளைப் பத்தியும் நீ எழுதணும். அதுல நையாண்டி கெடையாது. 2013 சூன் 13ஆம் தேதி, சாயங்காலம், பேய்மழை, சூறைக் காத்து. உச்சியில இருந்த இடிதாங்கி அமைப்பு பேந்து மெக்காலிஸ்டர் ரோட்டுல விழுந்துச்சு. கீழ போய்க்கிட்டிருந்த காருங்க நசுங்குச்சு. ஒரு மனுசன் காரோட புதைஞ்சு போயிட்டாரு, அவரைத் தோண்டித்தான் எடுத்தாங்க. உயரமா ஒண்ணு கட்டினா, அதோட உச்சியில இருக்குறது எல்லாம் கீழ நடக்குறவன் தலைக்கு மேலதான் இருக்குதுன்னு கணக்குல வரணும். படத்துல உச்சியை வானத்துப் பக்கம் முடிச்சுக் காட்டுவீங்க. அது தெருப் பக்கமும் முடியுதுன்னு ஒரு கோடு போட்டுக் காட்டு.

தே ஆறிப்போச்சு, இன்னொண்ணு சொல்லு.

இப்ப சூலியா தெருவுக்குத் திரும்பு. நீ உக்காந்திருக்கிற இந்தக் கடைவீடு இருக்கே, இதை ஒப்பீட்டுல சேக்க வாத்தியார் சொல்லல. நான் சொல்றேன். வாசல் குறுகலு, உள்ள போகப் போக நீளம். நடுவுல கூரையில்லாத முத்தம். சூடு மேல ஏறி அது வழியாப் போயிடும், தெருப்பக்கத்துல இருந்து குளுந்த காத்து உள்ள வரும். முன்னால அஞ்சடி, வெயிலோ மழையோ நடக்குறவனுக்கு நெழல். வெள்ளைக்காரத் தொர ராபிள்ஸ் 1822லயே சிங்கப்பூர்ல இதைச் சட்டமாப் போட்டாரு. கென் யாங் ரொம்பப் படிச்சுச் செஞ்ச வேலையை இங்க பேரே தெரியாத ஒரு கொத்தனாரு செஞ்சிருக்காரு, ரெண்டு மாடியில. கொம்தார்ல கீழ கடை மேல ஆபீசுன்னு பண்ணினதும் இந்தக் கடைவீட்டுல முன்னமே இருந்ததுதான், கீழ யாவாரம் மேல குடித்தனம். நாகூர் தர்காவைப் பாரு, சுவரை ஒட்டியே கடைங்க. உள்ள பாத்திஹா ஓதிக்கிட்டிருப்பாங்க, வெளிய சொங்கோக்குத் தொப்பி தலைக்குச் சரியா இருக்கான்னு ஒருத்தர் போட்டுப் பாத்துக்கிட்டிருப்பாரு. கப்பித்தான் பள்ளிவாசல் மினாரும் மாரியம்மன் கோயில் கோபுரமும்தான் ஒரு காலத்துல இந்தப் பக்கத்து வானளாவிங்க. அதுல மாடி வாடகைக்கு விட்டதா நான் கேள்விப்பட்டதில்ல.

ரொம்பப் புகழ்ந்துட்டேன்னு நெனைக்காதே. நான் குடியிருக்கிறதும் இது மாதிரி ஒரு மாடியிலதான். ஓடு ஒழுகுது. எங்க ஒழுகுதுன்னு கண்டுபுடிக்க முடியல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, 'யுனெஸ்கோ பாரம்பரிய வீடு, நெனச்ச மாதிரி கை வெக்க முடியாது'ங்கிறாரு. 2008ல இருந்து அவருக்கு இது நல்ல வசதி. அதுக்கு முன்னால வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சொல்வாரு. அது 2000 பொறக்கும்போது போச்சு, வாடகை ஏறிச்சு, ஓடு மட்டும் அப்படியே இருந்துச்சு. பக்கத்து வீட்டைத் தங்கும் விடுதியா மாத்தினவன் முத்தத்துக்கு மேல கண்ணாடியைப் போட்டு மூடிட்டான். மூடின கையோட ஏர்கோன் வெச்சான். மூடினது ஏன், வெச்சது ஏன்னு கேட்டா, 'பாரம்பரிய முற்றம், தாத்தா'ங்கிறான். பொட்டியில அடைச்ச காத்துக்கு அவன் ராத்திரிக்கு எத்தனை வெள்ளி வாங்குறான்னு கேட்டு, எனக்கு ஒழுகுறதே தேவலைன்னு வந்துட்டேன்.

பாரம்பரிய வட்டாரத்துக்குள்ள 18 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு விதி. அதனாலதான் கொம்தாருக்கு இந்தப் பக்கம் போட்டி வரல. இவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கிற ஓட்டுக் கூரைங்க நடுவுல நின்னாத்தான் அது அவ்வளவு உயரமாத் தெரியுது. கோலாலம்பூர்ல கொண்டு போய் நிறுத்தினா பஸ்ஸுக்கு வழி கேக்குறவன் கூடத் திரும்பிப் பாக்க மாட்டான். இதையும் எழுது. ஒரு கட்டடத்தோட உயரத்துல பாதி பக்கத்து வீட்டுக்காரன் குடுத்தது.

எது ஒசத்தின்னு கடைசியில ஒரு வரி கேப்பாங்க இல்ல? நான் சொன்னா நீ எழுதிடுவே, நான் வம்புல மாட்டிக்குவேன். ஒண்ணு சொல்றேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்குக் கட்டடத்துக்குள்ள ஒரு நாற்காலி போட்டுத் தருவேன்னா, மெக்காலிஸ்டர் ரோட்டுல போடு, அந்தச் சிறகுச் சுவரு பக்கம், கதவைத் தொறந்து வெச்சு. நாலு பேரைப் பாக்கணும், ஊருக் கதை கேக்கணும், பஸ்ஸைத் தவற விட்டுட்டு அடுத்த பஸ்ஸு வரைக்கும் பேசணும்னா கொம்தார் அடியில போடு. ரெண்டுல எதுலயும் இருபதாவது மாடியில மட்டும் போடாதே. அங்க எல்லாம் ஒண்ணுதான், பைலுங்களுக்குத்தான் அந்த எடம்.

ஆனா கொம்தார் உச்சிக்கு ஒரு தடவை போகணும்டா. 2016ல மேல மூணு மாடி கூட்டி 68 ஆக்கி, 249 மீட்டர்ல வெளிய நீட்டிக்கிட்டு ஒரு கண்ணாடிப் பாதை போட்டிருக்கான். காலுக்கு அடியில தரை தெரியுமாம். அந்தப் பாதையில நிக்கிறவங்க எல்லாம் கீழ எதைப் படம் எடுக்குறாங்கன்னு நெனைக்கிறே? கொம்தாருக்காகக் கடைவீடுங்களை இடிச்சவங்க இடிக்காம விட்டுட்டுப் போன இந்த ஓட்டுக் கூரைங்களைத்தான். டிக்கெட்டு வெலையைக் கேட்டுட்டு எறங்கி வந்துட்டேன். நீ எடு, நீதானே படிக்கிறே. கேமராவையும் எடுத்துக்கோ, தூரத்துல இருக்குறதைக் கிட்டக் காட்டுற கண்ணாடி இருக்கும்ல, அதையும் மாட்டிக்கோ. நீ பாட்டுக்கு ஒப்பீட்டுக்குப் படம் எடு. எனக்கு எங்க ஒழுகுதுன்னு அந்த ஓட்டை மட்டும் கண்டுபுடிச்சுக் குடு.